உஷார்! சிக்கிக்கொண்ட ரிவால்வர் காலி ரிவால்வர் இல்லை

அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு, சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்திருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா பக்கம் தமிழ்க் குடும்பங்களின் படுக்கையறை அலமாரியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருப்பது இப்போது அதிசயமில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. வாங்கியதையே சொல்லாதவர்கள், அது கெட்டுப்போனதையா சொல்லப் போகிறார்கள்? அதனால்தான் ஒருவர் பட்ட பாடு இன்னொருவர் காதுக்கு வராமலே போகிறது. நான் சொல்லிவிடுகிறேன். மானம் போனாலும் பரவாயில்லை.

ரிவால்வர் கெட்டுப்போனால் சுடாது, சுடாத துப்பாக்கியால் யாருக்கு என்ன ஆபத்து என்று நினைத்திருந்தேன். எம்.எஸ். படித்த மூளை அப்படித்தான் யோசித்தது.

2023 ஜூலை, ஒரு சனிக்கிழமை காலை. ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு திறந்தவெளி ரேஞ்ச். என் கையில் ஐந்து தோட்டா பிடிக்கிற சின்ன ரிவால்வர், வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று சுட்டேன். நான்காவதற்கு விசையை இழுத்தால் பாதியிலேயே கல் மாதிரி நின்றுவிட்டது. சிலிண்டரைத் திறக்கும் கொக்கியைத் தள்ளினேன், திறக்கவில்லை. கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துத் தடத்தில் ஒரு அப்பாவும் பையனும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட வெட்கம். ‘சரி, திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் பண்ணிக்கலாம்’ என்று பையில் போட்டு, காரின் பின்சீட்டில் வைத்து, நாற்பது நிமிடம் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் தேடினேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, உடைஞ்சு போச்சா?”

“ஆமாம்மா. உடைஞ்சு போச்சு.”

இட்லி சாப்பிடுகிற மேசை. உள்ளே சுடாத தோட்டா இரண்டு.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் புரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் மேகசினில் இருக்கும். அது சிக்கிக்கொண்டால்கூடப் பெரும்பாலும் மேகசினை உருவி வெளியே போட்டுவிடலாம், அப்புறம் உள்ளே மிஞ்சுவது ஒன்றுதான். ரிவால்வரில் அந்த வசதி கிடையாது. தோட்டா வைக்கும் அறைகளே சிலிண்டரில்தான் இருக்கின்றன. சிலிண்டர் திறந்தால் ஐந்தும் வெளியே வரும், திறக்காவிட்டால் ஐந்தும் உள்ளேதான். விசை நகராததால் குதிரையும் நகராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். (இங்கே ‘ஹாமர்’ என்கிறார்களே, அதற்கு நம் ஊர்த் துப்பாக்கிக்காரர்கள் வைத்த பெயர் குதிரை. அருமையான சொல், எப்போது பாயும் என்று தெரியாதது.) எதனால் சிக்கியது என்றே தெரியாதபோது, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் எது விடுபடும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் முதல் எச்சரிக்கை ரேஞ்சிலேயே ஆரம்பிக்கிறது. ரிவால்வர் மக்கர் பண்ணினால் குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே காகிதக் கனத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது, அந்தப் பக்கம் இன்னொரு கையைக் கொண்டுபோகாதீர்கள். சுடும்போது அந்தச் சந்து வழியாகப் பீறிடும் வாயு விரலைக் கிழித்துவிடும்.

‘க்ளிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால், அதுதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். தோட்டாவின் பின்புறம் பிரைமர் என்று ஒன்று இருக்கிறதே, தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி, அது சில சமயம் தாமதமாகப் பற்றும். பழைய தோட்டா, ஈரம் பட்ட தோட்டா என்றால் இன்னும் சந்தேகம். குறைந்தது முப்பது வினாடி அப்படியே நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நம் கை என்ன செய்யும்? ‘அடுத்ததாவது வெடிக்குதா பார்ப்போம்’ என்று உடனே மறுபடி இழுக்கும். இழுத்தால் சிலிண்டர் சுற்றி, பற்றிக்கொண்டிருக்கும் தோட்டா குழலை விட்டு விலகிப் போய்விடும். அப்புறம் அது வெடித்தால் குண்டு போக வழியே இருக்காது. பிஸ்டலில் இந்தக் கூத்து இல்லை. ரிவால்வருக்கே உரிய வில்லங்கம் இது.

இன்னொன்று ‘டுமீல்’ வரவேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று வருவது. மருந்து குறைந்த தோட்டா அது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், பாதி குழலிலும் பாதி சிலிண்டரிலுமாக நின்று சிலிண்டரைப் பூட்டியிருக்கவும்கூடும். அதற்குமேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். அந்த ‘புஸ்’ஸுக்குப் பிறகு அன்றைய சுடுதல் முடிந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வந்தது இவை இரண்டும் இல்லை. அப்போது அது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, கெட்ட கம்பெனியும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் கிட்டார் இசை கேட்டபிறகு ஒரு அம்மா வந்தார். பெயர், எண், எங்கே வாங்கினீர்கள் எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வியே, “துப்பாக்கி காலியா இருக்கா சார்?”

“திறக்க முடியலம்மா. மாட்டிக்கிட்டு இருக்கு.”

“அப்போ உள்ளே தோட்டா இருக்கு.”

“ரெண்டு இருக்கும்னு நினைக்கிறேன்.”

“இப்போ அது எங்கே இருக்கு?”

“அலமாரியில...”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, மனப்பாடமாக அல்லாமல், நிஜமாகவே கவலைப்பட்ட குரலில் சொன்னார்: “தயவுசெய்து அதை எங்களுக்கு அனுப்பாதீங்க. உங்க ஊர்லயே ஒரு கன்ஸ்மித்கிட்ட கொண்டுபோய்க் காலி பண்ணுங்க. அப்புறம் கூப்பிடுங்க, லேபிள் அனுப்புறேன்.”

நானோ ஞாயிற்றுக்கிழமையே அட்டைப்பெட்டி வாங்கி, குமிழ்த்தாள் சுற்றி, டேப் ஒட்டித் தயாராக வைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டியை ஒரு டிரைவர் தூக்கி வேனில் எறிவார். தானியங்கிப் பட்டையில் உருளும். விமானத்தில் ஏறும். கடைசியில் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் அதைப் பிரித்துக் கையில் எடுப்பார். ‘காலி’ என்று நான் எழுதிக்கொடுத்த சீட்டை நம்பி.

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பையோடு நேரே கடைக்குள் நுழையாதீர்கள். முதலில் போன் செய்து, ‘தோட்டாவோடு சிக்கியிருக்கிறது’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். நான் போனது எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரின் பட்டறை. காரை விட்டு இறங்க வேண்டாம், நானே வருகிறேன் என்றார். வந்து பின்கதவைத் திறந்து, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்த பிறகுதான் கையை வைத்தார். உள்ளே கொண்டுபோய், மணல் நிரப்பிய ஒரு இரும்புக் குழாய்க்கு நேரே குழலைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு நிமிடம் சும்மா பார்த்தார்.

“நெம்பினியா தம்பி?”

“கொஞ்சம்.”

தலையை மட்டும் ஆட்டினார்.

காரணம் அற்பமானது. காலித் தோட்டாக்களைப் பின்னால் தள்ளி வெளியேற்ற, சிலிண்டரின் நடுவே ஒரு கம்பி இருக்கும். மறையிட்டு முடுக்கிய கம்பி. ஒவ்வொரு வெடிப்பின் அதிர்விலும் அது துளித்துளியாகக் கழன்று முன்னால் நீண்டிருக்கிறது. நீண்ட கம்பி முன்பக்கப் பூட்டில் முட்டிக்கொண்டது. அதனால் சிலிண்டர் திறக்கவுமில்லை, சுற்றவுமில்லை. தோல் வைத்த குறடால் கம்பியைப் பிடித்து அவர் அரைச்சுற்று திருப்ப, சிலிண்டர் கதவு மாதிரித் திறந்தது. மூன்று காலி, இரண்டு பித்தளைப் பளபளப்பு. அந்த இரண்டையும் எடுத்து மேசைமேல் நிறுத்திவைத்தார். கோயில் கொடிமரம் மாதிரி நின்றன. எனக்கு அப்போதுதான் கை நடுங்கியது.

ஒரே மாதிரி சிக்கல், நாலைந்து காரணங்கள் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். எடை குறைந்த ரிவால்வரில் வீரியமான தோட்டா போட்டால், உதைப்பில் மற்ற தோட்டாக்களின் குண்டு உறையைவிட்டு முன்னால் நகர்ந்து எட்டிப்பார்க்கும், சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். அது தோட்டாவின் கோளாறு, கம்பெனிக்கு அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். தோட்டா வெளியேற்றும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நாலு சேர்ந்தாலும் சிலிண்டர் இறுகும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் தீர்ந்தது. இதற்குப்போய் பெட்டி கட்டி, ஆறு வாரம் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என்னுடைய கம்பி கழன்றது அடுத்த மாதமும் கழலும், மறை சரியில்லை, தொழிற்சாலைக்கே போகட்டும் என்றார். இருபது டாலர் வாங்கிக்கொண்டார். நான் நாற்பது கொடுத்தேன். மறுக்கவில்லை.

அடுத்த அபாயம் துப்பாக்கியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. இதில்தான் நம்மவர்கள் வகையாக மாட்டுவார்கள்.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. தனிமனிதர் தன் துப்பாக்கியைப் பழுதுபார்க்க, உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு, வேறு மாநிலமாக இருந்தாலும் நேரடியாக அனுப்பலாம். அவர்கள் அதைச் சரிசெய்து, இடையில் எந்தக் கடையும் இல்லாமல் உங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். சரிசெய்ய முடியாவிட்டால் அதே வகையில் வேறொன்றைக்கூட அனுப்பலாம். இதைப் படித்துவிட்டு ‘அப்புறம் என்ன’ என்று கிளம்பிவிடாதீர்கள். மாநிலச் சட்டம் தனி. நியூயார்க்கில் கைத்துப்பாக்கி உரிமத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் அதன் எண்ணோடு பதிவாகிறது. கம்பெனி பெருந்தன்மையாகப் புதிது அனுப்பினால் எண் மாறிவிடும், உங்கள் கையில் இருப்பது உரிமத்தில் இல்லாத துப்பாக்கி. கம்பெனி ‘புதுசே தர்றோம்’ என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் உரிம அலுவலகத்தில் கேளுங்கள்.

அனுப்பலாம், சரி. எதில் அனுப்புவது?

நான் தபால் ஆபீசுக்குப் போனேன். ஆமாம், காலி செய்த ரிவால்வர் பெட்டியோடு போய் வரிசையில் நின்றேன். முன்னால் ஆறு பேர். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பொழுதுபோகாமல் படித்ததால் பிழைத்தேன். தபால் நிலைய வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதே குற்றம், வாகன நிறுத்தமும் அதில் சேர்த்தி என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் அடுத்த அடி: ஒளித்து எடுத்துச் செல்லக்கூடிய கைத்துப்பாக்கியைத் தனிமனிதர் தபாலில் அனுப்பக்கூடாது என்று 1927-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் வரை சிறை. அந்த வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் குறைவாக இருந்திருந்தால், கவுன்டரில் ‘உள்ளே என்ன சார்?’ என்று கேட்டிருப்பார்கள். நானும் ராஜா அரிச்சந்திரன் மாதிரி உண்மையைச் சொல்லியிருப்பேன்.

தனியார் கூரியர்? யூ.பி.எஸ்ஸும் ஃபெடெக்ஸும் 2022-ல் விதிகளை இறுக்கிவிட்டன. துப்பாக்கி வணிக உரிமம் இல்லாத தனிமனிதர் சொந்தமாகக் காசு கட்டித் துப்பாக்கி அனுப்ப முடியாது. அதனால்தான் அந்த அம்மா ‘லேபிள் அனுப்புறேன்’ என்றது. அது கம்பெனியின் கணக்கில், கம்பெனி கூரியருடன் போட்ட ஒப்பந்தத்தில் போகிற பெட்டி. லேபிள் வரும்வரை காத்திருங்கள். நேரமாகிறது என்று சொந்தச் செலவில் அனுப்பத் துணியாதீர்கள். லேபிள் வந்தாலும் மருந்துக்கடைக்குள் இருக்கிற கூரியர் மூலையில் கொடுக்காமல், கூரியர் கம்பெனியின் சொந்தக் கிளைக்குப் போய், இன்ன பொருள் என்று சொல்லி, ரசீது வாங்குங்கள். ஆளிடம் வாயால் மறைக்கக்கூடாது, ஆனால் பெட்டிக்கு வெளியே துப்பாக்கி என்று எழுதவும் கூடாது. அப்படி வெளியே எழுதச் சொல்லிக் கூரியர்காரர் கட்டாயப்படுத்தக்கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. எழுதிவைத்தால் திருடனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி. ‘இந்தத் தோட்டாவில்தான் சிக்குது’ என்று காட்ட ஆசைப்பட்டு ஒன்றிரண்டு தோட்டாவை உள்ளே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். என்ன தோட்டா என்று பெயரை எழுதி வையுங்கள், போதும்.

இப்போது சொல்லப்போவதை விசாவில் இருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

பெட்டி தயாரான அன்று எனக்கு ஆபீசில் முக்கியமான மீட்டிங். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், தங்கமான பையன், வந்து நின்றார். “நான் அந்தப் பக்கம்தான் போறேன் அண்ணே. குடுங்க, நானே போட்டுடறேன்.”

கொடுக்கக் கையை நீட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் எச்-1பியில் இருக்கிறார். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 எல்லாம் குடியேறாதோர் விசா. அந்த விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ தன்வசம் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். தன்வசம் என்றால் சொந்தமாக வாங்கி வைத்திருப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சம் பதினைந்து வருஷம். துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் தனிக் காரணம். ஒரு பெட்டியைக் கூரியரில் கொடுத்த உபகாரத்துக்கு அந்தத் தம்பியின் பச்சை அட்டைக் கனவையே பணயம் வைக்கப் பார்த்தேன். திரும்பி வரும்போதும் இதே கதை: பெட்டி வயதுவந்தவர் கையெழுத்தோடுதான் ஒப்படைக்கப்படும், கதவைத் திறப்பது விசாவில் வந்து தங்கியிருக்கிற மைத்துனராக இருக்கலாம். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. மீட்டிங்கைத் தள்ளிப்போட்டு நானே கொண்டுபோனேன்.

போலி சேவை எண்கள் பற்றி இரண்டு வரி. தேடுபொறியில் முதலில் வருகிற ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பி, துப்பாக்கியின் எண், வீட்டு விலாசம், எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்பதையெல்லாம் யாரோ ஒருவரிடம் ஒப்பிக்காதீர்கள். பெட்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் தளத்துக்குப் போய் எண்ணை எடுங்கள். கையேடு பழையது என்றால் விலாசத்தையும் சரிபாருங்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே தன் தலைமையகத்தை 2023-ல் டென்னசியின் மேரிவில்லுக்கு மாற்றிவிட்டது.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். பெரியவர் போகிறபோக்கில் சொன்னார், “உன்னோடது சிக்கிக்கிட்டதால தெரிஞ்சது. தெரியாத கோளாறுக்கு யார் உனக்குச் சொல்லுவா?”

அமெரிக்காவில் குழந்தைத் தொட்டிலில் குறை இருந்தால், டோஸ்டர் தீப்பிடித்தால், நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுப் பொருளைத் திரும்ப வாங்கவைக்கும். 1972-ல் அந்த ஆணையத்தை உண்டாக்கிய சட்டத்திலேயே துப்பாக்கியும் தோட்டாவும் விலக்கப்பட்டிருக்கின்றன. பொம்மைத் துப்பாக்கியில் குறை என்றால் அரசு கேட்கும். நிஜத் துப்பாக்கியில் குறை என்றால் கேட்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. தயாரிப்பாளராக மனமுவந்து, அல்லது வழக்குக்குப் பயந்து அறிவித்தால்தான் உண்டு. அந்த அறிவிப்பும் உங்கள் வீட்டைத் தேடி வராது. இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் நீங்கள் யார் என்றே கம்பெனிக்குத் தெரியாது.

பழைய கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். 1876 ஜனவரியில் கன்சாஸின் விச்சிட்டாவில் ஒரு மதுக்கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரரின் உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் தெறித்து, கூரை வழியாக வெளியே போனது. அந்தப் போலீஸ்காரர் பெயர் வயாட் அர்ப், ஹாலிவுட் பிறகு தெய்வமாக்கிய அதே ஆள். அந்தக் கால ரிவால்வரில் குதிரை நேராகத் தோட்டாவின் பிரைமர்மேல் சாய்ந்திருக்கும். கீழே விழுந்து குதிரை அடிபட்டால் போதும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்து மட்டும் நிரப்பி, குதிரையைக் காலி அறைமேல் வைத்தார்கள்.

இது வரலாற்றுப் பாடம் என்று நினைக்கிறீர்களா? ரூகர் கம்பெனி 1953-ல் சிங்கிள்-சிக்ஸ் என்று ஆரம்பித்து, பிளாக்ஹாக், பேர்கேட், சூப்பர் பிளாக்ஹாக் என்று 1972 வரை விற்ற ரிவால்வர்களில் இதே பழைய ஏற்பாடுதான். 1973-ல் புது அமைப்பு கொண்டுவந்தார்கள்: விசையை முழுக்க இழுத்தால்தான் ஒரு தகடு மேலே எழுந்து குதிரைக்கும், பிரைமரைக் குத்தும் ஊசிக்கும் நடுவே நிற்கும். இழுக்காவிட்டால் அடி ஊசிக்குப் போகாது. 1982-லிருந்து பழைய துப்பாக்கிகளுக்கும் இந்த மாற்றத்தை இலவசமாகவே செய்து தருகிறார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுத் திருப்பித் தருகிறார்கள், ஏனென்றால் பழம்பொருள் பிரியர்கள் அதைக் கேட்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான். சேகரிப்பு மதிப்பு கூடும் என்று அந்தப் பழைய பாகங்களையே திரும்ப மாட்டி விற்கிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரிகிற பழைய ரூகரைக் கண்காட்சியில் மலிவாகக் கண்டால், மாற்றம் செய்ததா, செய்து கலைத்ததா என்று தெரியும்வரை அதில் ஐந்துக்குமேல் நிரப்பாதீர்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 586, 686 ரிவால்வர்கள் இன்னொரு கதை. 1987 ஆகஸ்டுக்கு முன் செய்தவற்றில், சில தோட்டாக்களைச் சுடும்போது பிரைமரின் உலோகம் பிதுங்கி ஊசித் துளைக்குள் புகுந்து சிலிண்டரைப் பூட்டியது. என்னுடையது மாதிரியே சுடாத தோட்டாக்களோடு இறுகிப்போகும். கம்பெனி திரும்ப வாங்கி, ஊசியையும் அதன் வளையத்தையும் மாற்றி, சரிசெய்ததற்கு அடையாளமாக மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘எம்’ என்று ஓர் எழுத்தை அடித்துக்கொடுத்தது. சிலிண்டரைத் திறந்தால் துப்பாக்கியின் சட்டகத்தில் தெரியும். இன்றும் அந்த எழுத்து இல்லாத பழைய 686-கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எழுத்து இல்லாததெல்லாம் கோளாறு என்றும் அர்த்தமில்லை, பிறகு செய்தவற்றுக்கு அது தேவைப்படவில்லை. மாடல் எண், துப்பாக்கி எண் இரண்டையும் கம்பெனியிடம் சொல்லிக் கேட்டுவிடுவதுதான் வழி.

என் கதைக்கு வருகிறேன். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன், எண் தெரிய ஒன்று. நான் தனியாக வாங்கி மாட்டிய மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் பழைய ரப்பரை மாட்டினேன். சொந்தமாக மாற்றிய ஸ்பிரிங், விசை எல்லாவற்றையும் தொழிற்சாலையில் பிடுங்கிவிட்டு ஒரிஜினலைப் போட்டுவிடுவார்கள் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு தாள்: கம்பி மாற்றப்பட்டது, சுட்டுச் சோதிக்கப்பட்டது. அறைகளில் புகைக் கறுப்பும் இருந்தது, சுட்டிருக்கிறார்கள்.

நல்லவேளை, நான் அப்படியே ரேஞ்சுக்குக் கிளம்பவில்லை. பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி, திறந்து ஐந்து துளையும் காலி என்று பார்த்து, வீட்டில் ஒரு தோட்டாவும் வெளியே இல்லாமல் பூட்டிவிட்டு, குதிரையை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுத்தேன். குதிரை முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். முதல் அறை, டிக். இரண்டாவது, டிக். மூன்றாவதில் குதிரை நின்றுவிட்டது, டிக் கேட்கவில்லை. விரலால் தொட்டால் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதே மூன்றாவது. அந்த அறையில் தோட்டா வைத்துச் சுட்டிருந்தால் குண்டு குழலின் விளிம்பில் சீவிக்கொண்டு போயிருக்கும். சீவின ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்துத் தடத்தில் நின்ற அந்த அப்பாவும் பையனும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மறுபடி போன், மறுபடி கிட்டார். வேறொரு ஆள் எடுத்தார். சோதித்துத்தான் அனுப்பினோம் என்றார். மூன்றாவது அறை பூட்டாமல் நிற்பதைச் செல்போனில் படம்பிடித்து அனுப்பினேன். மறுநாளே லேபிள் வந்தது. இந்தத் தடவை என்ன தப்பு என்று ஒரு பக்கம் எழுதி, மூன்றாவது அறைக்கு நேரே சிலிண்டரில் ஒரு துண்டு நீல டேப்பும் ஒட்டி அனுப்பினேன். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகவே திரும்பி வரும் என்பது புரிந்திருந்தது.

ஏழு வாரம். திரும்பி வந்ததை நேரே பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஐந்து டிக்கையும் காது கொடுத்துக் கேட்டார். குழலுக்குள் கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்தார். பின்னால் மணல்மேட்டுக்கு அழைத்துப்போய் முதலில் ஒரே ஒரு தோட்டா, அப்புறம் இரண்டு, கடைசியில் ஐந்து என்று அவரே சுட்டார். “இப்போதைக்குச் சரி,” என்றார்.

அந்த அட்டைப்பெட்டியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. மூன்று லேபிள் கிழித்த தடத்தோடு கராஜில் சைக்கிளுக்குப் பின்னால் இருக்கிறது.